பூசணிக்காய் உடைத்த பிறகும் செலவு இருக்கிறது: முதல் படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையில் இருக்கும் பணம் முழுவதையும் ஷூட்டிங்கிலேயே கரைத்துவிடாதீர்கள். ஷூட்டிங் முடிந்து பூசணிக்காய் உடைத்த பிறகுதான் எடிட்டிங், டிஐ எனப்படும் நிறச் சீரமைப்பு, சவுண்ட் மிக்ஸிங், சென்சார் என்று வரிசையாகச் செலவு வரும். எத்தனையோ நல்ல முயற்சிகள் ஹார்ட் டிஸ்க்கிலேயே முடங்கிக் கிடக்க இதுதான் காரணம். மூன்றில் ஒரு பங்கையாவது தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதிக்கு ஷெட்யூல் போடுங்கள்.

அப்புறம் சவுண்ட். கேமரா வாடகைக்கு யோசிக்காமல் கொடுப்பவர்கள் கூட இங்கே வந்ததும் 'டப்பிங்ல பாத்துக்கலாம்' என்று கையைச் சுருக்கிவிடுகிறார்கள். நடித்தே பழகாத அக்கம்பக்கத்து மனிதர்களை வைத்து அழகாக எடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து அவர்களையே சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் தியேட்டரில் நிறுத்தி உதட்டசைவுக்குப் பேசச் சொன்னால், ஸ்பாட்டில் வந்த உயிர் திரும்ப வராது. பாவம், அது அவர்கள் தப்பும் இல்லை. இந்த மாதிரிப் படத்துக்கு, ஸ்பாட்டிலேயே குரலைப் பதிவு செய்யும் லைவ் சவுண்டுதான் சரி. ஆனால் லொக்கேஷன் பார்க்கப் போகும்போதே சவுண்ட் ஆளையும் கூட்டிப் போங்கள். வாடகை குறைவு என்று நங்கநல்லூரில் வீடு பிடித்தால் விமானச் சத்தம், கோடம்பாக்கத்தில் தண்டவாளத்தை ஒட்டிப் பிடித்தால் மின்சார ரயில். எந்த நேரத்தில் எடுக்கப்போகிறீர்களோ அதே நேரத்தில் போய் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். ஷூட்டிங்கில் ஃபேன், ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு, யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த அறையின் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்யுங்கள். வசனங்களுக்கு நடுவே வரும் வெற்றிடத்தை எடிட்டர் அதை வைத்துத்தான் நிரப்புவார்.

ஃபுட்டேஜை அன்றன்றே இரண்டு டிஸ்க்கில் காப்பி எடுங்கள், இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

நண்பர்கள்தானே என்று வாய்ப்பேச்சோடு விடுவதும் தவறு. சம்பளம் இல்லையென்றாலும் பேட்டாவும் நல்ல சாப்பாடும் கொடுங்கள், யாருக்கு என்ன பங்கு என்பதை முதல் நாளுக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பலர் கடைசியில் மாட்டிக்கொள்வது விலங்கு விஷயத்தில். நாயையோ மாட்டையோ நடிக்க வைத்தால் விலங்குகள் நல வாரியத்தின் சான்றைச் சென்சாரில் கேட்பார்கள். முன்பு திருவான்மியூரில் இருந்த அந்த வாரியம் 2018ல் ஹரியானாவுக்குப் போய்விட்டது. ஷூட்டிங்குக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். கதைக்குத் தேவை இல்லையென்றால் ஸ்கிரிப்ட்டிலேயே அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள்.