ஸ்டைல் பேட்ச்சுக்குள் ஒளிந்திருந்த பிழை

லினக்ஸின் மையமான கெர்னலில், இன்னும் மெருகேறாத டிரைவர்கள் இருக்கும் ஸ்டேஜிங் பகுதியில் உள்ள ஒரு வைஃபை டிரைவருக்கு, ‘கோடிங் ஸ்டைல் திருத்தம்’ என்ற தலைப்போடு ஒரு பேட்ச் (கோட் மாற்றம்) என் பார்வைக்கு வந்தது. ஸ்பேஸ் எல்லாம் டேப் ஆகியிருந்தது. ஸ்டைலைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட்டும் முணுமுணுக்கவில்லை. ஆனால் மாறிய வரிகளைக் காட்டும் டிஃப் முழம் முழமாக நீண்டது. வரி வரியாகப் படித்தால் பொழுது விடிந்துவிடும்.

கிட் டிஃப்பை மைனஸ் டபிள்யூ போட்டு ஓட்டினேன். இடைவெளி மாற்றங்கள் எல்லாம் ஒதுங்கி, கொஞ்சம் வரிகளே மிஞ்சின. அதில் ஒன்று, சற்றுத் தாமதிக்க வைக்கும் யூடிலே என்ற ஃபங்ஷன் இருந்த இடத்தில் யூஸ்லீப் ரேஞ்ச்! செக்பேட்ச் சொன்னதைத்தான் பேட்ச் அனுப்பியவர் செய்திருக்கிறார், பாவம். அது அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துச் சொல்லும் யோசனை. சற்று மேலே ஸ்பின்லாக் (மற்றவர் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டு) பிடித்திருப்பது அதற்குத் தெரியாது. யூடிலே சிபியுவைச் சுற்றவிட்டுக் காத்திருக்கும். யூஸ்லீப் ரேஞ்ச் நிஜமாகவே தூங்கும். ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கக் கூடாது.

சந்தேகம் தீர, கெர்னல் கான்ஃபிகில், தூங்கக் கூடாத இடத்தில் தூங்கினால் காட்டிக்கொடுக்கும் டீபக் அட்டாமிக் ஸ்லீப்பை இயக்கி பூட் செய்தேன். கோடின் அந்தப் பாதைக்குள் போனதுமே கெர்னல் பதிவில் எச்சரிக்கை கொட்டியது.

அப்புறம், தாமத மாற்றத்தை விட்டுவிட்டு இடைவெளித் திருத்தங்களை மட்டும் தனி பேட்ச்சாக அனுப்பச் சொன்னேன். புதிய பதிப்பு வந்ததும், முன்னும் பின்னும் கம்பைல் செய்த ஆப்ஜெக்ட் கோப்புகளை உள்ளே இருக்கும் இயந்திரக் கட்டளைகளைக் காட்டும் ஆப்ஜ்டம்ப்பில் ஒப்பிட்டேன். கட்டளைகள் ஒன்றும் மாறவில்லை. 100 எழுத்தைத் தாண்டிய ஒரு வரி மட்டும் மிச்சம். அது பிழைச்செய்தி, கிரெப்பில் தேடினால் முழுசாகச் சிக்க வேண்டும், அதனால் உடைக்கச் சொல்லவில்லை.