டோக்கியோவுக்கு முதல் பயணமா? முதல் நாளை இப்படித் தொடங்குங்கள்

டோக்கியோ என்றதும் பலருக்கும் வரும் பயம் மொழியைப் பற்றியது. பலகைகளிலும் ரயில் அறிவிப்புகளிலும் ஆங்கிலம் இருப்பதால் அது சமாளிக்கக்கூடியதுதான். புதிதாக வருபவர்களை உண்மையில் திணறடிப்பவை ரயில் நிலையங்கள். ஷின்ஜுகு நிலையத்துக்கு மட்டும் 200-க்கும் மேற்பட்ட வாசல்கள் உண்டு. அதனால் முதல் நாளன்று நிறைய இடம் பார்க்கத் திட்டம் போடாதீர்கள். ரயிலைப் பழகிக்கொள்ளுங்கள். அது கைவந்துவிட்டால் மீதி நாட்களுக்குக் கவலையே இல்லை.

படி 1: கிளம்பும் முன்

குடிவரவு, சுங்கப் படிவங்களை 'விசிட் ஜப்பான் வெப்' தளத்தில் வீட்டிலிருந்தே நிரப்பி, க்யூஆர் கோடை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பெட்டி கட்டும்போது கவனம் தேவை. பச்சைக் கறிவேப்பிலை, பழங்கள், இறைச்சி சேர்ந்த எதுவும் வேண்டாம். சூடோஎஃபெட்ரின் அதிகம் கலந்த சளி மாத்திரைகளுக்கும் ஜப்பானில் தடை உண்டு. அட்டையின் பின்புறத்தைப் படித்துவிட்டு எடுத்து வையுங்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட், ப்ளக்கில் இரண்டு தட்டைக் கம்பிகள். ஃபோன் சார்ஜருக்கு ஒரு அடாப்டர் போதும். நம் ஊர் 230 வோல்ட் ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு போவது வீண் சுமை.

தங்குமிடம் யாமனோத்தே லைனில் ஏதாவது ஒரு நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். இளம்பச்சை நிறத்தில் நகரை வட்டமடிக்கும் ரயில் அது. 30 நிலையங்கள், முழுச் சுற்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம். எதிர்த்திசையில் ஏறிவிட்டாலும் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்துவிடலாம். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது அந்த லைனில் உள்ள உவேனோ பகுதி. நரித்தா விமான நிலையத்திலிருந்து ஸ்கைலைனர் ரயில் சுமார் 40 நிமிடத்தில் நேராக அங்கே கொண்டுவந்து விடும்.

டோக்கியோவின் இன்னொரு விமான நிலையமான ஹனேதாவில் இறங்குகிறவர்களுக்கு இன்னும் எளிது. மோனோரயிலில் ஹமமட்சுச்சோ நிலையத்துக்கு வந்து யாமனோத்தேக்கு மாறிவிடலாம்.

படி 2: கார்டும் காசும்

விமான நிலையத்திலேயே 'வெல்கம் சுயிக்கா' கார்டு வாங்கிவிடுங்கள். முன்கூட்டிப் பணம் ஏற்றிப் பயன்படுத்தும் பயணக் கார்டு அது. 28 நாள் செல்லும். மீதிப் பணம் திரும்பக் கிடைக்காது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் ஏற்றுங்கள். பெரும்பாலான ரீசார்ஜ் இயந்திரங்கள் ரொக்கம்தான் கேட்கும். ரொக்கத்துக்குச் செவன்-இலெவன் கடைகளில் இருக்கும் ஏடிஎம் நம்பகமானது. வெளிநாட்டுக் கார்டுகளை ஏற்கும். கிளம்பும் முன் உங்கள் வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கி வையுங்கள்.

சுயிக்கா கார்டு ரயில், மெட்ரோ, பேருந்து எல்லாவற்றிலும் செல்லும். கடைகளிலும் பானம் விற்கும் இயந்திரங்களிலும்கூடத் தட்டலாம். ஷின்கன்சென் எனும் அதிவேக ரயிலுக்கும் ஸ்கைலைனர் போன்ற ரயில்களுக்கும் தனி டிக்கெட் வேண்டும்.

படி 3: ஒரு ஒத்திகைப் பயணம்

முதல் காலையில் உவேனோவிலிருந்து அசகுசா போய் வாருங்கள். அங்கேதான் சென்சோஜி கோயில் இருக்கிறது. தூரம் குறைவு, ரயில் மாற வேண்டியதில்லை, பழகுவதற்கு இதைவிட நல்ல பாதை இல்லை.

மெட்ரோ நிலையங்களுக்கு எழுத்தும் எண்ணும் உண்டு. இந்தப் பாதையில் ஓடும் மெட்ரோ கின்சா லைன். அதன் நிறம் ஆரஞ்சு, எழுத்து ஜி. உவேனோ ஜி16, அசகுசா ஜி19. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் எண்ணைப் பிடித்துக்கொண்டால் போதும். 16-லிருந்து 19-க்குப் போக வேண்டும், ஆகவே எண் ஏறும் திசையில் ரயில் பிடிக்க வேண்டும். நடைமேடைப் பலகையில் அடுத்த நிலையத்தின் எண் 17 என்றிருந்தால் சரியான பக்கம் நிற்கிறீர்கள்.

கேட்டில் நுழையும்போது கார்டை ரீடரில் வைத்து எடுங்கள். வெளியேறும்போதும் அதேபோல, கட்டணம் எவ்வளவு போயிற்று, மீதி எவ்வளவு என்று சின்னத் திரையில் தெரியும். பணம் போதாவிட்டால் கேட் மூடிக்கொள்ளும். பதற வேண்டாம். பக்கத்திலேயே கட்டணத்தைச் சரிக்கட்டும் இயந்திரம் இருக்கும். கார்டைப் போட்டு, குறையும் தொகையைக் கட்டிவிட்டு வெளியே வரலாம்.

இப்போது முக்கியமான இடம்: வாசல். கூகுள் மேப்ஸ் எந்த நடைமேடை, எந்த வாசல் என்று எண்ணோடு சொல்லும். அசகுசாவில் 1-ஆம் வாசலில் ஏறினால், கொஞ்ச தூரத்தில் கமினாரிமோன் கோபுர வாசலும் அதில் தொங்கும் பெரிய சிவப்பு விளக்கும் தெரியும். விளக்கு மட்டும் 3.9 மீட்டர் உயரம். அதைத் தாண்டினால் நகமிசே கடைத்தெரு, அதன் முடிவில் கோயில். காலை எட்டு மணிக்குள் போனால் கடைகள் திறந்திருக்காது. ஆனால் கூட்டமில்லாத அந்தப் பாதையில் நடப்பதற்காகவே சீக்கிரம் எழலாம் என்பேன்.

இனி எங்கே போனாலும் இதே முறைதான்: லைன், திசை, வாசல் எண். இந்த மூன்றையும் பார்த்துவிட்டே நடையைக் கட்டுங்கள்.

படி 4: ரயிலுக்குள்

ஃபோனை சைலன்ட்டில் போடுங்கள், பேசாதீர்கள். முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். எஸ்கலேட்டரில் இடப்பக்கம் நிற்பது டோக்கியோ வழக்கம். ஒசாகா போனால் வலப்பக்கம். காலை ஏழரை முதல் ஒன்பது வரை பெரிய பெட்டியோடு ஏறவே ஏறாதீர்கள். சில லைன்களில் காலை நெரிசலின்போது பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. நடைமேடைத் தரையில் இளஞ்சிவப்பு அடையாளம் இருக்கும்.

படி 5: சாப்பாடு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊர் சொர்க்கம். சைவக்காரர்கள்தான் உஷாராக இருக்க வேண்டும். காய்கறி மட்டும் மிதக்கும் உதோன் நூடுல்ஸ் சூப்பிலும் 'தாஷி' இருக்கும். அது பெரும்பாலும் உலர்ந்த மீனில் காய்ச்சிய சாறு. "கறி இல்லை" என்று கடைக்காரர் சொன்னால் மீனும் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மீன் சாறு கூடாது என்று ஜப்பானிய மொழியில் எழுதிய குறிப்பை ஃபோனில் வைத்துக் காட்டுங்கள். டோக்கியோ ஸ்டேஷனுக்குள்ளேயே 'டீஸ் தன்தன்' என்ற முழுச் சைவ ராமென் (நூடுல்ஸ் சூப்) கடை உண்டு. நம் ஊர் ருசி தேடினால், இந்தியர்கள் நிறைய வசிக்கும் நிஷி-கசாய் பக்கம் போகலாம், தோசாய் லைன்.

அவசரப் பசிக்குக் கன்வீனியன்ஸ் கடையில் ஓனிகிரி எனும் சோற்றுருண்டை. உள்ளே உமே எனும் உப்பிட்ட பழம் வைத்தது ஊறுகாய்போல் புளிப்பும் உப்புமாக இருக்கும். உறையில் 1, 2, 3 என்று எண்கள் இருக்கும்: 1-ஐப் பிடித்து நடுவில் கீழே கிழித்து, பிறகு 2, 3 முனைகளைப் பக்கவாட்டில் இழுத்தால் கடற்பாசித் தாள் மொறுமொறுப்பாகச் சோற்றில் ஒட்டிக்கொள்ளும். உறையைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் குப்பைத்தொட்டி கிடைப்பது அரிது.

கல்லாவில் பணத்தை அங்குள்ள சின்னத் தட்டில் வையுங்கள். டிப்ஸ் பழக்கம் இல்லை.

படி 6: இரவு திரும்பும்போது

ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். மறுபடி தொடங்குவது விடியற்காலை ஐந்து மணி வாக்கில். தவறவிட்டால் டாக்ஸிதான், அதிலும் இரவு 10 மணிக்கு மேல் கட்டணம் 20 சதவீதம் கூடுதல். ஜப்பானிய எழுத்தில் இருக்கும் ஹோட்டல் முகவரியைப் படமெடுத்து வைத்து ஓட்டுநரிடம் காட்டுங்கள். பின்கதவை அவரே உள்ளிருந்து திறப்பார், மூடுவார். நீங்கள் கைப்பிடியைத் தொட வேண்டியதில்லை.