பழைய ஆல்டோவுக்குப் புது டயர்: குறைந்த செலவில் சரியாக வாங்குவது எப்படி?

டயர் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சைஸ் சார்?" நான் சொன்ன பதில், "ஆல்டோ." அவர் சிரிக்கவில்லை, பாவம். "எந்த ஆல்டோ?" என்று மட்டும் கேட்டார். ஆல்டோ 800க்கு ஒரு சைஸ், பழைய கே10க்கு வேறொன்று, 2022இல் வந்த புது கே10க்கு இன்னொன்று என்பதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. வெளியே போய்ச் சக்கரத்தின் முன் குந்தி உட்கார்ந்து, எண்ணைப் பார்த்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தேன். இவன் விவரம் தெரியாதவன் என்பது அதற்குள் கடை முழுக்கத் தெரிந்துவிட்டது. அப்புறம் பேரம் எங்கே பேசுவது?

இப்போது அதே வண்டிக்கு மூன்றாவது முறையாக டயர் மாற்றியிருக்கிறேன். பேரம் பேசி மிச்சப்படுத்தியதைவிட, வீட்டு வாசலில் பழைய டயரைப் பார்த்துப் படித்ததில் மிச்சப்படுத்தியதுதான் அதிகம். முதல் முறை டயர் மாற்றப் போகிறவர்களுக்காக, நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

1. மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள்

டயரின் பள்ளங்களுக்குள் விரலை விட்டுத் தடவினால், குறுக்கே சின்ன மேடுகள் தட்டுப்படும். பக்கவாட்டில் சின்ன முக்கோணக் குறி இருந்தால் அதற்கு நேர் மேலே தேடுங்கள். அந்த மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அந்த மேடும் மேற்பரப்பும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் கதை முடிந்தது. சட்டப்படியும் கார் டயருக்கு அதுதான் எல்லை. ஆனால் மழைக்காலத்துக்கு முன்பாக இருந்தால் நான் அவ்வளவு தூரம் காத்திருக்க மாட்டேன். பள்ளம் ஆழமாக இருந்தால்தான் தண்ணீர் வெளியேற இடம் இருக்கும்.

பள்ளம் நன்றாக இருந்தும் மாற்ற வேண்டிய டயர்கள் உண்டு. பக்கவாட்டில் கொப்புளம் போலப் புடைத்திருந்தால் உள்ளே இருக்கும் நூல் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு ஒட்டுவேலை கிடையாது, மாற்றியே ஆக வேண்டும். பக்கவாட்டில் ஆணி குத்தினாலும் அப்படித்தான். ஆனால் தரையில் படுகிற பகுதியில் குத்திய சாதாரண ஆணிக்காக, "டயரே போயிடுச்சு சார்" என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். ட்யூப்லெஸ் டயரில் அந்த இடத்துப் பஞ்சரைச் சரிசெய்யலாம். அடுத்த கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பர்ஸைத் திறங்கள்.

2. எப்படித் தேய்ந்திருக்கிறது?

பெரும்பாலானோர் இதைப் பார்ப்பதே இல்லை. காசு விரயமாகிற இடமும் இதுதான். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் இத்தனை நாளும் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் நன்றாக இருந்தால் காற்று குறைவு. ஒரே ஒரு ஓரம் மட்டும் மொட்டையாகியிருந்தால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், போயிருக்கிறது, அல்லது சஸ்பென்ஷனில் ஏதோ ஒன்று ஆடுகிறது. அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் முதல் செட் டயரில் முன்சக்கரம் இரண்டும் உள்பக்க ஓரத்தில் தேய்ந்திருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிவைத்து எட்டிப் பார்த்தால்தான் தெரியும். நான் எட்டிப் பார்க்கவில்லை. புது டயரைப் போட்டேன், அலைன்மென்ட் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்தப் புது டயரும் அதே ஓரத்தில், அதே வேகத்தில் கரைந்தது. நோய் வண்டியில் இருக்க, மருந்தை டயருக்குக் கொடுத்திருக்கிறேன்.

3. எண்ணைப் படியுங்கள்

என் வண்டியில் இருப்பது 155/65 ஆர்13 73டி. முதல் எண், டயரின் அகலம் மில்லிமீட்டரில். அடுத்தது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கவாட்டு உயரம் என்பது. ஆர் என்றால் ரேடியல் என்ற டயர் வகை. 13 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 73 என்பது சுமைக் குறியீடு: ஒரு டயர் 365 கிலோ தாங்கும். கடைசியில் உள்ள 'டி' (T) வேகக் குறியீடு, மணிக்கு 190 கிலோமீட்டர். நம் ஆல்டோ அந்தப் பக்கம் போகப்போவதில்லை. என்றாலும் சுமையும் வேகமும் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோதான் இருக்க வேண்டும், குறையக் கூடாது.

டயரில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். வண்டியை நீங்கள் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தால், முந்தைய ஓனர் சைஸை மாற்றியிருக்கலாம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி சொல்கிற சைஸும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், எங்கள் ஊரில் 155/65 ஆர்13 எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. ஒரு கடையில், "155/80 போட்டுக்கலாம் சார், அதே 13 ரிம்தான், வண்டியும் கொஞ்சம் ஒசரமா நிக்கும்" என்றார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 155இல் 65 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 101 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரண்டு பக்கம், அதோடு ரிம்மின் 13 அங்குலத்தை, அதாவது 330 மில்லிமீட்டரைச் சேர்த்தால் டயரின் மொத்த விட்டம் சுமார் 532. அவர் சொன்ன 155/80க்கு இதே கணக்கு 578 வருகிறது. கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம் பெரிது. மீட்டர் 80 காட்டும்போது, கணக்குப்படி 87இல் போய்க்கொண்டிருப்போம். ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினால் மட்கார்டில் உரசவும் வாய்ப்பு உண்டு. விட்டத்தில் மூன்று சதவீதத்துக்கு மேல் மாறக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. நான் அந்த எல்லைக்குக்கூடப் போவதில்லை, ஸ்டிக்கரில் இருப்பதையே கேட்டு வாங்குகிறேன். கடையில் இல்லையென்றால் இரண்டு நாளில் வரவழைத்துத் தருவார்கள். அவசரப்படாமல் இருந்தால் போதும்.

4. பிறந்த வாரம்

டயருக்கும் வயது உண்டு. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2325 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. அது ஒரு பக்கத்தில் மட்டும்கூட இருக்கலாம், டயரைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

புது டயர் வாங்கும்போது ஆறு மாதத்துக்குள் தயாரானது கிடைத்தால் நல்லது. ஒரு வருடம் ஆகியிருந்தாலும் வெயில் படாமல் குடோனில் இருந்திருந்தால் தள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒரு வருடத்துக்கு விலையில் கழிவு கேளுங்கள். "தேதி கொஞ்சம் பழசா இருக்கேண்ணே" என்ற ஒரு வாக்கியம், அரை மணி நேரப் பேரத்தைவிட நன்றாக வேலை செய்கிறது. இரண்டு வருடத்தைத் தாண்டியிருந்தால் எவ்வளவு குறைத்தாலும் நான் வாங்குவதில்லை.

இந்த எண்ணைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது என் ஸ்டெப்னிதான். ஒருமுறைகூடத் தரையில் படாத டயர், ரப்பர் முடிகூட உதிராமல் பளபளவென்று இருந்தது. இதை ஒரு பக்கம் போட்டுவிட்டால் ஒரு டயர் காசு மிச்சம் என்று கணக்குப் போட்டேன். எண்ணைப் பார்த்தால் 4112. பன்னிரண்டு வருடம் டிக்கிக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறது. அழுத்தி வளைத்துப் பார்த்தபோது மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. ஐந்து வருடம் ஆன டயரை வருடம் ஒருமுறை காட்டிப் பார்க்க வேண்டும், பத்து வருடம் ஆனால் பள்ளம் இருந்தாலும் கழித்துவிட வேண்டும். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி எடுப்பவர்களுக்கு டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும்.

5. இரண்டா, நான்கா?

நான்கும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் நான்கு. முன்சக்கரம் இரண்டு மட்டும் தேய்ந்திருந்தால் இரண்டு போதும். முன்சக்கர இழுவை வண்டிகளில் அவைதான் முதலில் தேயும். ஒன்று மட்டும் மாற்றுவதைத் தவிருங்கள். ஒரே அச்சில் இருக்கும் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும்.

இரண்டு மட்டும் வாங்கினால், புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். கடையில் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். "இழுக்கறது முன் வீல்தானே சார்?" என்பார்கள். இழுப்பது முன்சக்கரம்தான். ஆனால் மழையில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடிமானம் திரும்ப வந்துவிடும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியின் பின்பக்கம் வீசிக்கொண்டு சுழலும். அதைப் பிடித்து நிறுத்துவது நம்மைப் போன்றவர்களால் ஆகாது. அதனால்தான் டயர் கம்பெனிகளே நல்ல ஜோடி பின்னால் இருக்கட்டும் என்கின்றன. பின்னால் இருந்த பழைய ஜோடி முன்னால் வரும்.

6. விலை விசாரிப்பது

எம்ஆர்எஃப், அப்போலோ, சியட், ஜேகே ஆகிய நான்கிலும் சின்ன கார் சைஸ்கள் உண்டு. பிரிட்ஜ்ஸ்டோன், குட்இயர், யோகோஹாமா இன்னொரு பக்கம். எதுதான் சிறந்தது என்று கேட்டால், ஆல்டோ ஓட்டும் நமக்கு அந்தச் சண்டை தேவையில்லை என்பேன். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா, தேதி புதிதா, பில் தருகிறார்களா, இவை போதும். பேர் தெரியாத டயரை யாராவது பாதி விலைக்குக் கொடுத்தால், முதலில் பக்கவாட்டில் அந்த முத்திரையைத் தேடுங்கள். கார் டயரில் அதோடு ஐஎஸ் 15633 என்றும் இருக்க வேண்டும்.

குறைந்தது மூன்று இடத்தில் கேளுங்கள். ஒன்று கம்பெனி டீலர், ஒன்று பல பிராண்டும் விற்கிற கடை, ஒன்று இணையக் கடை. போனிலேயே கேட்கலாம். ஆனால் "டயர் என்ன விலை?" என்று கேட்காதீர்கள். "டயர், மாட்டுக்கூலி, புது வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து, பழைய டயரைக் கழித்து, கையிலிருந்து எவ்வளவு தர வேண்டும்?" என்று கேளுங்கள். பேலன்சிங் என்பது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கும்படி சரிசெய்வது. நான் கேட்டபோது, டயர் விலையில் 200 ரூபாய் குறைத்துச் சொன்ன கடை, மொத்தக் கணக்கில் எல்லாரையும்விட அதிகமாக வந்தது. இணையத்தில் வாங்கினால் விலை குறையலாம். ஆனால் மாட்டுக்கூலி தனி, தேதி எண்ணையும் பார்சல் வந்த பிறகுதான் பார்க்க முடியும்.

2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. வரிக்கு முந்தைய விலை 3,000 என்றால் முன்பு 3,840, இப்போது 3,540. பழைய விலைப் பட்டியலைக் காட்டித் "தள்ளுபடி" தருகிறவர்களிடம் இந்தக் கணக்கு கைவசம் இருக்கட்டும். பில்லையும் பத்திரமாக வையுங்கள். தயாரிப்புக் குறை வந்தால் அது இல்லாமல் யாரும் பேச மாட்டார்கள்.

7. பழைய டயர் வாங்கலாமா?

கேட்பார்கள் என்று தெரியும். புது வண்டி வாங்கிய கையோடு பெரிய அலாய் வீல் மாற்றுகிறவர்கள் கழற்றிப் போடும் டயர் இருக்கிறதே, அது கிடைத்தால் யோகம். சில நூறு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். டயர் கடைகளில் சொல்லிவைத்தால் போன் செய்வார்கள். மற்றபடி, கறுப்புப் பாலிஷ் போட்டு அடுக்கிவைத்திருக்கும் பழைய டயர்களை நான் தொடுவதில்லை. மொட்டை டயரில் சூடான கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டி விற்கிற வேலையும் நடக்கிறது. பள்ளத்தின் அடியில் அந்த 1.6 மில்லிமீட்டர் மேட்டைத் தேடுங்கள். பள்ளம் ஆழமாக இருந்து மேட்டைக் காணவில்லை என்றால், வெட்டிய டயர்தான்.

8. கடையில் நிற்கும்போது

மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு டயரின் தேதியையும் நீங்களே பாருங்கள். இரண்டு புதிது, இரண்டு பழசு என்று கலந்து வருவதுண்டு. டயரில் அம்புக்குறி இருந்தால் வண்டி முன்னே போகும்போது சக்கரம் சுற்றும் திசையைக் காட்ட வேண்டும். பழைய வால்வையே திரும்பப் போட விடாதீர்கள், சின்னக் காசுதான். பேலன்சிங் மெஷினில் இரண்டு பக்கமும் பூஜ்ஜியம் வருகிறதா என்று எட்டிப் பாருங்கள். அலைன்மென்ட் முடிந்ததும் பிரிண்ட் கேளுங்கள்.

நைட்ரஜன் வேண்டுமா என்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமென்றால் அடிக்கட்டும், காசென்றால் வேண்டாம்.

புது டயரில் தயாரிப்பின்போது படிந்த வழுவழுப்பு கொஞ்சம் இருக்கும். முதல் 200, 300 கிலோமீட்டர் வரை திடீர் பிரேக், வேகமான திருப்பம் இல்லாமல் ஓட்டுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட்டால் நான்கும் சேர்ந்து தேயும்.

பழைய டயரைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். செடி வைக்கலாம் என்று மாடிக்கு ஏற்றி, அதில் மழைத்தண்ணீர் தேங்கி, டெங்கு கொசு வளர்த்து, சுகாதாரத் துறை ஆட்களிடம் பேச்சு வாங்கியவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

ஆங், மறந்துவிட்டேன். கிளம்பும் முன் ஸ்டெப்னிக்கும் காற்று அடிக்கச் சொல்லுங்கள். டிக்கியில் சாமான் இருக்கிறதென்று பார்த்தால் கேட்காமலேயே விட்டுவிடுவார்கள். அரிசி மூட்டையை இறக்கிவைத்தாவது அடித்துக்கொண்டு வாருங்கள்.