ரோமை ஓர் ஊரிலிருந்து தொடங்குவோம்: இளம் மாணவர்களுக்கு ரோமானிய வரலாற்றைக் கற்பிக்கும் முறை

பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ரோமானிய வரலாற்றைச் சொல்லத் தொடங்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் ரோமுலஸ், ஜூலியஸ் சீசர், அகஸ்டஸ், நீரோ என்று ஆட்சியாளர்களின் வரிசையைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். அந்த வரிசை நான்காம் பெயரைத் தாண்டுவதற்குள் வகுப்பின் கவனம் சன்னலுக்கு வெளியே போய்விடும். மூன்று கண்டங்களில் பரவியிருந்த ஒரு பேரரசை இந்த வயதினருக்கு அறிமுகப்படுத்த, பொம்பெயி என்ற ஒரே ஊரைத் தேர்ந்துகொண்டு அங்கிருந்து வெளியே செல்வதே நல்ல வழி என்பது என் கருத்து. இத்தாலியில் நேப்பிள்ஸ் வளைகுடாவை ஒட்டி, ஏறத்தாழ 11,000 பேர் வாழ்ந்ததாக மதிப்பிடப்படும் இந்த ஊரைக் கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலும் நுரைக்கல்லும் மூடின. 1748இல் தொடங்கிய அகழாய்வில் தெருக்கள், கடைகள், குளியலகங்கள், சுவர்க் கிறுக்கல்கள் எல்லாம் வெளிப்பட்டன. நான்காம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை, ஆறு அல்லது ஏழு பாடவேளைகளில் இதைச் செய்யலாம்.

முதல் பாடவேளையில் எரிமலையைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். அதைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் வேறெதையும் கேட்க மாட்டார்கள். சில பொருள்களின் படங்களை மட்டும் குழுக்களிடம் கொடுத்து, "இது என்ன? யார் பயன்படுத்தியிருப்பார்கள்? எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். எட்டுத் துண்டுகளாகப் பிரிக்கும்படி கோடு கீறிய, கரியாகிப்போன வட்ட ரொட்டி. வீட்டு வாசல் தரையில் சங்கிலியிட்ட நாயின் உருவமும் நாயிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லும் லத்தீன் வாசகமும் கொண்ட ஓவியம். மாணவர்கள் எழுதிப் பழகிய மெழுகுப் பலகை. தெருவின் குறுக்கே இடைவெளி விட்டு நடப்பட்ட பெரிய கற்கள். இந்தக் கற்கள்தாம் மிகுந்த விவாதத்தைக் கிளப்பும். மழைநீரும் கழிவும் ஓடும் தெருவை மக்கள் கால் நனையாமல் கடக்கவும், அதே சமயம் வண்டிச் சக்கரங்கள் இடைவெளிகளின் வழியே போகவும் அவை பயன்பட்டன என்ற விடையை நீங்கள் சொல்வதற்கு முன்பே யாரேனும் ஒருவர் கண்டுபிடித்துவிடுவார்.

இரண்டாம் பாடவேளையில் எரிமலைக்கு வரலாம். இங்கே உங்களுக்குப் பெருந்துணை பிளினி என்ற பதினேழு வயது இளைஞர். வளைகுடாவின் மறுமுனையில் இருந்த மிசேனத்தில் தம் தாயுடன் தங்கியிருந்த அவர், வானில் எழுந்த மேகம் குடைபோல விரிந்த பைன் மரத்தின் வடிவில் இருந்ததாகவும், கடற்படைத் தலைவராக இருந்த தம் மாமா கப்பலில் மக்களை மீட்கச் சென்று இறந்ததாகவும், சுமார் 25 ஆண்டுகள் கழித்து வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்குக் கடிதங்களில் எழுதினார். அன்று மாமா உடன் வர அழைத்தும், படிக்க வேண்டிய பாடம் இருக்கிறது என்று இவர் வீட்டிலேயே தங்கிவிட்டார் என்ற செய்தியை வகுப்பு எளிதில் நம்பாது. கடிதத்தின் சாரத்தை நீங்களே எளிய தமிழில் எழுதி வாசித்துவிட்டு, "25 ஆண்டுக்குப் பின் எழுதியவரை எந்த அளவுக்கு நம்பலாம்?" என்று கேளுங்கள். மேல் வகுப்பினருக்கு இன்னொன்றும் சேர்க்கலாம்: எரிமலை ஆகஸ்ட் 24இல் வெடித்தது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது, ஆனால் 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் கிடைத்த, அக்டோபர் நடுப்பகுதித் தேதியிட்ட கரி எழுத்து அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது. உடல்கள் மட்கியபின் இறுகிய சாம்பலுக்குள் எஞ்சிய வெற்றிடங்களில் சாந்து ஊற்றி, 1863இல் அகழாய்வுத் தலைவர் ஃபியோரெல்லி எடுத்த வார்ப்புகளின் படங்களைச் சிறு பிள்ளைகளுக்குக் காட்டுவதைத் தவிர்க்கலாம். அவை இறந்த மனிதர்களின் கடைசிக் கணங்கள். அதைத் தாங்கும் முதிர்ச்சி வந்த வகுப்புக்குக்கூட முன்னறிவிப்புடன் காட்டுவதே முறை.

மூன்றாம் பாடவேளைக்குச் சுவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பொம்பெயியின் பெரும் செல்வம் அதுதான். அங்கே ஆண்டுதோறும் நகர அலுவலர்களுக்குத் தேர்தல் நடந்தது. இன்னாரைத் தேர்ந்தெடுக்க இன்னார் கேட்டுக்கொள்கிறார்கள் என்று தொழில் வல்ல எழுத்தர்கள் சுவரில் வண்ணத்தில் எழுதிய விளம்பரங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. பழ வணிகர்கள் ஒருவரை ஆதரித்தார்கள். வாக்குரிமை இல்லாத பெண்களும் தங்கள் பெயரில் ஆதரவு தெரிவித்தார்கள். வாட்டியா என்ற வேட்பாளரை ஊரின் சில்லறைத் திருடர்கள் ஆதரிப்பதாக ஓர் எழுத்தும், இரவில் வெகுநேரம் குடிப்போர் அனைவரும் ஆதரிப்பதாக இன்னோர் எழுத்தும் உள்ளன. அவை எதிராளிகளின் கேலியாகத்தான் இருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். சுவர் விளம்பரம் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதற்கு விளக்கமே தேவைப்படாது. பழுப்புத் தாளில் அவர்களையே இப்படிப்பட்ட விளம்பரம் எழுதச் சொல்லுங்கள். வேட்பாளரின் பெயர், பதவி, ஆதரிக்கும் குழு ஆகிய மூன்றும் இருந்தால் போதும். கேலி விளம்பரம் எழுத அனுமதித்தால், வகுப்பில் உள்ள யாரையும் பெயர் சொல்லி எழுதக் கூடாது என்ற விதியை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். எழுதி முடித்ததும், யாருக்கு வாக்கு இருந்தது, யாருக்கு இல்லை என்ற பேச்சை எடுப்பது எளிது.

அந்தப் பேச்சு அடிமை முறைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இதை ஓரிரு வரிகளில் கடந்துவிடும் பாடத்திட்டங்களே மிகுதி என்பது என் குறை. ஓர் அடுமனையின் அடுப்புக்குள் 81 ரொட்டிகள் அப்படியே கிடைத்தன என்று வியப்போடு சொல்லும்போதே, அதற்கான மாவை அரைக்கும் எரிமலைக்கல் திரிகைகளைக் கழுதைகளும் அடிமைகளும் சுற்றினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாள்வீரர் போட்டிகளையும் இதே நேர்மையுடன் அணுகலாம். அவர்களுள் பலர் அடிமைகளாகவும் போர்க் கைதிகளாகவும் இருந்தார்கள். வகுப்பில் அட்டை வாளோடு சண்டை நடத்திக் காட்டுவதைவிட, கி.பி. 59இல் பொம்பெயியின் அரங்கில் உள்ளூர்க்காரர்களும் பக்கத்து ஊரான நுசேரியாவிலிருந்து வந்தவர்களும் மோதிக்கொண்டதையும், அதற்காக ரோமின் செனட் சபை பத்தாண்டுகளுக்கு அங்கே போட்டிகளைத் தடை செய்ததையும் கதையாகச் சொன்னால், பிள்ளைகள் கூடுதல் ஆர்வத்தோடு கேட்பார்கள்.

பொறியியலுக்குச் செயல்பாடு ஒன்று போதும். ரோமானியர்கள் தொலைவிலிருந்த ஊற்றுகளிலிருந்து எந்த எந்திரமும் இல்லாமல், சரிவை மட்டும் நம்பி நகரங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பொம்பெயிக்கும் அப்படித்தான் வந்தது. தெருமுனைகளில் 40 அளவிலான பொது நீர்த்தொட்டிகள் இருந்தன. இன்றைய பிரான்சின் நீம் நகருக்குச் சென்ற கால்வாய் சுமார் 50 கிலோமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 12.6 மீட்டர் மட்டுமே தாழ்கிறது. இந்த எண்களைப் பலகையில் எழுதிவிட்டு, நான்கு மீட்டர் நீளமுள்ள, நீளவாக்கில் பிளந்த பி.வி.சி. குழாயை மைதானத்தில் செங்கற்களின் மேல் வையுங்கள். முதலில் பத்து சென்டிமீட்டர் சரிவில் தண்ணீர் விட்டுப் பார்க்கட்டும். பிறகு சரிவை ஐந்து, இரண்டு, ஒன்று என்று குறைத்துக்கொண்டே வரட்டும். நீம் கால்வாயின் சராசரிச் சரிவை இந்தக் குழாய்க்குக் கணக்கிட்டால் ஒரு மில்லிமீட்டர்தான் வரும். அதை அவர்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். மட்டம் பார்க்கக் கொத்தனார்கள் பயன்படுத்தும், தண்ணீர் நிரப்பிய டியூப் ஒன்று கிடைத்தால் நல்லது.

உணவு நாள் வைக்க விரும்பினால் ரொட்டி, ஆலிவ் அல்லது அதற்குப் பதில் வேறு காய், பேரீச்சை, அத்தி, தேன், கொண்டைக்கடலை ஆகியவை போதும். தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்தில் வந்தவை என்பதால் அவற்றுக்கு இடமில்லை. இத்தாலிய உணவென்றால் தக்காளிச் சாறு என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதுவே ஒரு பாடம். காரத்துக்கு மிளகு சேர்க்கலாம், அது முழுக்க முழுக்கப் பொருத்தமானது. எரிமலையில் இறந்த அந்த மாமா, அதாவது மூத்த பிளினி, இந்தியப் பொருள்களுக்காக ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டெர்ஸ் நாணயங்கள் வெளியேறுகின்றன என்று தம் நூலில் புலம்பியவர். எகிப்தின் பெரெனிகே துறைமுகக் கோயிலொன்றில் ஏழரைக் கிலோ மிளகு ஒரு பெரிய இந்தியச் சாடியில் கிடைத்தது. யவனரின் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாடல் கூறுகிறது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ரோமானிய நாணயங்களைப் பார்க்கவும் முடியும். ஆனால் இதை ஒரு பாடவேளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நம் வணிகத்தின் பெருமை ரோமை மறைத்துவிடக் கூடாது.

உடை விளையாட்டைக் கேட்காத வகுப்பு இல்லை. டோகா என்பது குடியுரிமை பெற்ற ஆண்கள் சிறப்பு நிகழ்ச்சிகளில் அணிந்த கம்பளி உடை. அன்றாடம் பெரும்பாலோர் சாதாரண அங்கியே அணிந்தார்கள். டோகாவின் நீளத்துக்கு நம் எட்டு முழ வேட்டியும் போதாது. ஆகையால் இரண்டை இணைத்துப் போர்த்திக் காட்டுங்கள். அதை அணிந்தபடி தண்ணீர் குடிக்கச் சொன்னால், இந்த உடை உழைப்பவர்களுக்கு உரியதன்று என்பது விளங்கிவிடும்.

காலவரிசையை இத்தனைக்கும் பிறகே கொண்டுவாருங்கள். 28 மீட்டர் கயிறு ஒன்றை மைதானத்தில் நீட்டி, ஒரு மீட்டரை நூறு ஆண்டுகளாகக் கொள்ளுங்கள். தொடக்கத்தில் ரோம் நிறுவப்பட்டதாக மரபு சொல்லும் கி.மு. 753ஐக் குறியுங்கள். சுமார் இரண்டரை மீட்டரில் குடியரசு தொடங்கியதாகச் சொல்லப்படும் கி.மு. 509, ஏழே கால் மீட்டரில் அகஸ்டஸ் முதல் பேரரசரான கி.மு. 27, எட்டே கால் மீட்டரைத் தாண்டிப் பொம்பெயி, பன்னிரண்டே கால் மீட்டரில் மேற்குப் பேரரசு முடிந்த கி.பி. 476, 22 மீட்டரில் கிழக்குப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ந்த 1453, மறுமுனையில் இன்று. ஒவ்வோர் இடத்திலும் ஒரு மாணவரை நிறுத்துங்கள். ஆட்சியாளர்களின் பெயர்களை இப்போது சொன்னால் அவை தங்குவதற்கு ஓர் இடம் இருக்கும்.

மதிப்பீட்டுக்கு வினாத்தாள் தேவையில்லை. முதல் பாடவேளையில் பார்த்த பொருள்களில் ஒன்றைப் பற்றி ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதட்டும்: இப்போது அதைப் பற்றி என்ன தெரியும், அது எந்தச் சான்றிலிருந்து தெரிந்தது, அதைச் செய்தவரும் பயன்படுத்தியவரும் யாராக இருக்கலாம். ஊகத்தை ஊகம் என்றே குறிப்பிட்டு எழுதியவருக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். ஊகத்தை உண்மைபோல எழுதியவரிடம் அந்த வரியை மட்டும் அடிக்கோடிட்டுத் திருப்பிக் கொடுத்து, திருத்தி எழுதச் சொல்லுங்கள்.