பழைய அச்சுப் புத்தகம் கிடைத்தால் முதலில் எதையும் ஒட்டாதீர்கள்

தரங்கம்பாடியிலோ சென்னை வேப்பேரியிலோ 1700களில் அச்சான ஒரு தமிழ்ப் புத்தகம் கைக்கு வந்து, அதை மறுபதிப்புச் செய்ய நினைத்தால், கிழிசலைப் பார்த்ததும் செல்லோடேப்பை எடுக்கத் தோன்றும். வேண்டாம். லேமினேஷன் அதைவிட மோசம், திரும்பப் பிரிக்கவே முடியாது. ஜப்பானியத் திசுத்தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் போதும், பின்னால் ஈரம் காட்டினால் கழன்றுவிடும்.

காகிதத்தைக் கண்டு ரொம்பப் பயப்படவும் வேண்டாம். கந்தல் துணியில் செய்த தாள் என்பதால், 1900 வாக்கில் மரக்கூழ்த் தாளில் வந்த புத்தகங்களைவிடப் பெரும்பாலும் இதுதான் திடமாக இருக்கும். ஈரமும் பூச்சியும்தான் எதிரி.

படமெடுக்கும்போது புத்தகத்தை மல்லாக்க விரிக்காதீர்கள், முதுகு உடையும். இரண்டு பக்கமும் அணை கொடுத்துப் பாதி திறந்த நிலையிலேயே எடுங்கள். 400 டிபிஐ நுணுக்கம், கலர், தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பு. வெற்றுப் பக்கத்தையும் விடக்கூடாது. பக்கம் குறைந்தால் சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் கேட்கலாம், தரங்கம்பாடி அச்சு என்றால் ஜெர்மனியில் ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனத்திலும் தேடுங்கள், அங்கிருந்துதான் தரங்கம்பாடியில் அச்சகம் நடத்திய கிறிஸ்தவ மிஷனுக்கு முதல் தமிழ் அச்செழுத்தே வந்தது.

சரி, இனி எழுத்தைப் படித்துப் பெயர்த்தெழுதுவதுதான் உண்மையான தலைவலி. அந்தக் கால அச்சில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, குறில் கொம்பும் நெடில் கொம்பும் ஒன்றே, பல இடங்களில் துணைக்காலும் ரகரமும் ஒரே உருவம். அதாவது ‘காரணம்’ என்ற சொல் ‘கரரணம’ என்று கண்ணில் படும், ‘கொடு’ என்றிருப்பது கோடா கொடுவா என்று வாக்கியத்தை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். படத்திலிருந்து எழுத்தைத் தானே படிக்கும் ஓசிஆர் மென்பொருள் இதில் உளறும், ஆகவே கையால் தட்டச்சு செய்துவிட்டு, அப்புறம் ஒருவர் வாசிக்க இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிடுவதுதான் வழி. புள்ளி வைப்பது, கொம்பைப் பிரிப்பது சரி. ஆனால் பழைய சொல்லையும் சந்தியையும் இன்றைய வழக்குக்குத் ‘திருத்தி’ விடாதீர்கள், அந்த ஆசை எல்லோருக்கும் வரும். முடிந்தால் இடப்பக்கம் மூலப் படம், வலப்பக்கம் நீங்கள் தட்டச்சு செய்த பாடம் என்று போடுங்கள். செலவு கூடும், ஆனால் சந்தேகப்படுகிறவர் தானே பார்த்துக்கொள்வார்.

மறுபதிப்புக்கு அமிலமற்ற தாள், நூல் தைத்த கட்டு. முன்பக்கத்தில் எந்தப் பிரதியிலிருந்து எடுத்தீர்கள், எந்தப் பக்கங்கள் வேறு பிரதியிலிருந்து வந்தன என்று எழுதிவிடுங்கள்.