கேளிக்கைப் பூங்காவுக்குப் புறப்படுமுன் போட வேண்டிய கணக்கு

வேளாங்கண்ணித் திருவிழாவை ஒட்டிப் போடப்படும் ராட்டினத் திடலில் ஒரு நியாயம் உண்டு. ஏறுகிறவர் மட்டும் காசு கொடுக்கிறார். பேரனின் செருப்பையும் பையையும் பிடித்துக்கொண்டு கீழே நிற்கும் அப்பாயியிடம் எவரும் சீட்டு கேட்பதில்லை. பெரிய கேளிக்கைப் பூங்காக்களில் வாசலைத் தாண்டும் அனைவரும் கட்டணம் செலுத்த வேண்டும். உள்ளே போய் நாள் முழுவதும் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தாலும் அது திரும்பி வராது. கட்டணம் ஏறிவிட்டது என்று குறைபட்டுக்கொள்வதைவிட, அந்தக் கட்டணம் நம் வீட்டில் யார் யாருக்குப் பெறும் என்று பார்ப்பது பயன் தரும். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்துடன் புறப்பட நினைப்பவர்களுக்காக அந்தக் கணக்கைப் போடும் முறையை எழுதுகிறேன்.

கட்டணம் ஏன் இப்படி வளர்ந்தது என்பதை முதலில் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்டபோது பெரியவருக்கு நுழைவுக் கட்டணம் 1 டாலர். ஒவ்வொரு சவாரிக்கும் தனிச் சீட்டு, அதாவது நம் திடலின் முறையேதான். 1982இல் தனிச் சீட்டுகள் ஒழிக்கப்பட்டு, ஒரே கட்டணத்தில் எல்லாச் சவாரியும் என்றானது. 2016இல் நாளுக்கு நாள் விலையை மாற்றத் தொடங்கினார்கள். 2024 அக்டோபரில், கூட்டம் மிகுந்த நாள்களுக்கான ஒரு நாள் கட்டணம் 206 டாலரானது. இதற்கிடையே, 1999இல் இலவசமாகத் தொடங்கிய வரிசை தாண்டும் வசதி 2021இல் பணம் கட்டிப் பெறும் வசதியாக மாறியது. இந்தப் படிகள் அனைத்தையும் நம் நாட்டுப் பூங்காக்களும் இப்போது ஏறிவிட்டன. வார நாளுக்கு ஒரு விலை, விடுமுறை நாளுக்கு வேறு விலை, வரிசையில் முந்திச் செல்ல இன்னொரு விலை என்று இங்கும் ஆகிவிட்டது.

விலையேற்றத்துக்குக் காரணங்கள் உண்டு என்பதையும் மறைக்கக்கூடாது. 2025 டிசம்பரில் சென்னையை அடுத்த திருப்போரூர் அருகே திறக்கப்பட்ட வொண்டர்லா பூங்காவில் உள்ள ‘தஞ்சோரா’ என்னும் ரோலர் கோஸ்டர், சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மாபிலார்ட் நிறுவனம் செய்தது. பெயரில் தஞ்சாவூர் ஒலித்தாலும் பொருள் இறக்குமதிதான். 64 ஏக்கர் நிலம், சுமார் 600 கோடி ரூபாய் முதலீடு, அன்றாடம் சுத்திகரிக்க வேண்டிய நீர், மின்கட்டணம், உதிரிப் பாகங்கள் ஆகிய செலவுகள், செவ்வாய்க்கிழமை இருநூறு பேர் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஐயாயிரம் பேர் வந்தாலும் ஏறக்குறைய அதே அளவில்தான் நடக்கின்றன. ஆகவே கோடை, தீபாவளி, பொங்கல் விடுமுறைகளிலேயே ஆண்டின் வருமானத்தில் பெரும்பகுதியைத் தேடிக்கொள்ளப் பார்க்கிறார்கள். நாம் செலுத்தும் தொகையில் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் அடக்கம். 2017இல் 28 விழுக்காடாக இருந்தது 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைக்கப்பட்டது. வரி சேர்த்து 1,500 ரூபாய் என்றால் அதில் ஏறத்தாழ 229 ரூபாய் வரி. விளம்பரத்தில் காணும் விலை வரி சேர்த்ததா, சேர்க்காததா என்று பார்த்த பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும்.

முதல் வேலை, பிள்ளைகளின் உயரத்தை அளப்பது. இதை வீட்டிலேயே செய்துவிடுங்கள். பெரிய பூங்காக்களில் சிறுவர் கட்டணம் பெரும்பாலும் வயதைப் பொறுத்து அமைவதில்லை. உயரத்தைப் பொறுத்து அமைகிறது. 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், 140 செ.மீ. வரை சிறுவர், அதற்கு மேல் பெரியவர் என்பது பரவலான வரம்பு. பிள்ளையை வெறுங்காலுடன் நிலைப்படியில் முதுகு ஒட்ட நிற்கவைத்து, தலைமேல் ஒரு கனமான புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்து, புத்தகத்தின் அடிப்பக்கம் நிலையைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து அளவு நாடாவைப் பிடியுங்கள். தலைமுடியைத் தூக்கிப் பின்னியிருந்தால் அவிழ்த்துவிட்டு அளக்க வேண்டும். இந்த ஒரு கோடு பல ஆயிரம் ரூபாயைத் தீர்மானிக்கக்கூடியது, ஏனெனில் உச்சப் பரபரப்பான சவாரிகள் பலவற்றுக்கும் அதே 140ஐ ஒட்டிய உயரமே தகுதி. 137 செ.மீ. உள்ள பிள்ளைக்குச் சீட்டில் கொஞ்சம் மிச்சமாகும்; ஆனால் எந்தச் சவாரிக்காக ஆறு மாதமாக நச்சரித்தானோ அதன் வாசலில் இருக்கும் அளவுகோலுக்குக் கீழே நின்று அழுவான். அப்படிப்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டுக்கு என் யோசனை, அடுத்த ஆண்டு போகலாம் என்பதுதான். மாறாக 100 முதல் 120 செ.மீ. வரையுள்ள குழந்தைகளுக்குத் தண்ணீரும் சிறுவர் ராட்டினங்களும் போதும் என்பதால், அவர்களுக்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்து, யார் ஏறுவார்கள், யார் ஏறமாட்டார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, முதுகுவலி, கருவுற்றிருத்தல் ஆகியவை இருந்தால் பெரிய சவாரிகளுக்கு அனுமதி இல்லை. மூத்த குடிமக்களுக்குச் சலுகை இருந்தாலும் அது முழு விலக்கு அன்று. எல்லோரும் சேர்ந்து போனால்தான் சுற்றுலா என்று எண்ணும் மரபில் வளர்ந்தவர்கள் நாம். ஆனால் பெரியவர்களை அழைத்துக்கொண்டு போவதற்குக் கோவில்கள் இருக்கின்றன. பூங்காவுக்கு அவர்களை அழைத்துச் செல்வது, உண்மையில், அவர்களைப் பை காக்கச் சொல்வதே.

ஒரு கும்பகோணத்துக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்: கணவர், மனைவி, 14 வயது மகன், 125 செ.மீ. உயரமுள்ள மகள், 67 வயது அப்பாயி. திருப்போரூர்ப் பூங்கா திறக்கப்பட்டபோது அறிவிக்கப்பட்ட கட்டணம் 1,489 ரூபாய். கணக்குக்காக, வார நாளில் பெரியவருக்கு 1,500, சிறுமிக்கும் மூத்தவருக்கும் தலா 1,200 என்று வைத்துக்கொண்டால் சீட்டு 6,900 ஆகிறது. போக வர ரயிலுக்குத் தலா 500 வீதம் 2,500. நிலையத்திலிருந்து பூங்காவுக்குப் போகவும் திரும்பவும் வாடகை வண்டிக்கு 1,600. குளித்து உடைமாற்ற அரைநாள் அறைக்கு 1,200. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு 2,500. லாக்கருக்கும் நீச்சல் உடைக்கும் 1,000. மொத்தம் 15,700. இதில் சீட்டின் பங்கு 44 விழுக்காடுதான். கட்டணத்தைப் பத்து விழுக்காடு ஏற்றினாலும் நம் மொத்தச் செலவு 690 ரூபாய்தான் கூடுகிறது. அப்பாயி வீட்டிலோ அத்தை வீட்டிலோ இருந்துவிட்டால் சீட்டு, ரயில், சாப்பாடு சேர்த்து 2,200 ரூபாய் குறைந்துவிடும். டெல்டாவிலிருந்து போகிறவர்களுக்கு விலையேற்றத்தைவிட யார் போகிறார்கள், எந்த நாளில் போகிறார்கள் என்பவையே பெரிய செலவுகள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நாளின் கணக்கு இதைவிடக் கடுமையானது. பூங்கா ஏழு மணி நேரம் திறந்திருப்பதாகக் கொண்டு, சாப்பாடு, உடை மாற்றம், லாக்கர் வரிசை ஆகியவற்றுக்கு ஒன்றரை மணி நேரம் கழித்தால் ஐந்தரை மணி நேரம் மிஞ்சும். கூட்டமில்லாத நாளில் ஒரு சவாரிக்கு, காத்திருப்பும் சேர்த்து, இருபது நிமிடம் ஆகும் என்றால் பதினாறு சவாரிகளில் ஏறலாம். கோடை விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் ஆகும் என்றால் ஐந்துதான். தலைக்கு ஆன மொத்தச் செலவு 3,140 ரூபாயை வகுத்துப் பாருங்கள்: கூட்டமில்லாத நாளில் ஒரு சவாரிக்கு 196 ரூபாய், கூட்ட நாளில் 628 ரூபாய். இரண்டு நிமிடம்கூட ஓடாத ஒரு சுற்றுக்கு 628 ரூபாய். அந்தப் பணத்துக்கு நம் ஊர்த் திடலின் ராட்சத ராட்டினத்தில் தலை சுற்றி இறங்கும் வரை சுற்றலாம். கூட்ட நாளில் கட்டணமும் கூடுதலாக இருக்கும் என்பதை நான் இதில் சேர்க்கவே இல்லை. வரிசையில் முந்தும் சீட்டை அன்று வாங்கினால் சவாரிகளின் எண்ணிக்கை கூடும். ஆனால் சீட்டுச் செலவு பெருகிவிடும். அதைவிட வார நாளில் போவதே மேல்.

ஆனால் வார நாளில் எப்படிப் போவது? சம்பா நெல் போட்ட பணம் கையில் இருக்கும் மாசியில் பிள்ளைகளுக்குத் தேர்வு நெருங்கும்; பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைக்கும் சித்திரையில் பணம் நகைக்கடனை மீட்கப் போயிருக்கும். இங்கேதான் டெல்டாக்காரர்களுக்கு உள்ள ஒரு வசதியைச் சொல்ல வேண்டும். மாவட்ட ஆட்சியர்கள் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறைகளைக் கவனியுங்கள். வேளாங்கண்ணியில் கொடியேறும் ஆகஸ்ட் 29, திருவாரூர் ஆழித்தேரோட்டம், நாகூர் கந்தூரி போன்ற நாள்களில் அந்தந்த மாவட்டத்துப் பள்ளிகள் மூடியிருக்க, சென்னையிலும் செங்கல்பட்டிலும் பள்ளிகள் வழக்கம்போல் நடக்கும். பூங்காவுக்கு அது சாதாரண வார நாள். பதிலுக்கு ஒரு சனிக்கிழமை பள்ளிக்குப் போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஊரே தேர் பார்க்க நிற்கும் அன்று ராட்டினம் ஏறப் போவதா என்று வீட்டில் கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மின்னலும் காற்றும் வந்தால் உயரமான சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். மழைக்காகக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்று நம்பக்கூடாது.

பயணத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தஞ்சாவூரிலிருந்து இரவில் புறப்படும் உழவன் எக்ஸ்பிரஸ் செங்கல்பட்டை விடிவதற்கு வெகு நேரம் முன்பே அடைந்துவிடும். பூங்கா திறப்பதற்கோ பத்து, பதினொரு மணி ஆகும். அந்த இடைவெளியில் பிள்ளைகள் நடைமேடையில் தூங்கி வழிந்தால், உள்ளே போனதும் பாதிச் சவாரிக்குத் தெம்பிருக்காது. அறை எடுத்து இரண்டு மணி நேரம் படுத்து, குளித்து, திருப்போரூர் கந்தசாமி கோவிலில் தரிசனம் முடித்து, வெளியே இட்லி சாப்பிட்டுவிட்டுப் போவது சரியான வரிசை. பத்து, பன்னிரண்டு பேர் சேர்ந்தால் வேன் நன்று. மயிலாடுதுறையிலிருந்து சிதம்பரம், கடலூர், புதுச்சேரி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துவிடலாம். ஆள் கணக்கில் பகிர்ந்தால் அறைச் செலவும் வாடகை வண்டிச் செலவும் மறைந்துவிடுகின்றன.

உள்ளே காத்திருக்கும் செலவுகளில் உடையே முதன்மையானது. பருத்திச் சுடிதார், சேலை, வேட்டி, ஜீன்ஸ் ஆகியவற்றுடன் நீர்ச் சறுக்குகளில் ஏற விடமாட்டார்கள். நைலான் போன்ற செயற்கை இழை உடை வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பூங்காவில், சறுக்கின் உச்சிவரை படியேறிப் போன எங்கள் வீட்டுப் பெண்கள் மூவரையும் திருப்பி அனுப்பினார்கள். கீழே இருந்த கடையில் ஒரு செட்டுக்கு அவர்கள் சொன்ன விலையைக் கொடுத்து வாங்கினோம். அந்த உடைகள் அதன்பின் ஒருமுறைகூட வெளியே எடுக்கப்படாமல் இன்றும் பீரோவின் அடித்தட்டில் கிடக்கின்றன. ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். வெளி உணவு அனுமதி இல்லை என்பதால் புளியோதரைப் பொட்டலம் வாசலிலேயே நின்றுவிடும். அதை வண்டியில் வைத்துவிட்டு, வெளியே வந்ததும் சாப்பிடக் கட்டிக்கொண்டு போவது வேறு விஷயம்.

சலுகைகளுக்காக அதிகம் அலைய வேண்டாம். இணையத்தில் முன்பதிவு செய்தால் பெரும்பாலும் பத்து விழுக்காடு அளவில் குறையும். கல்லூரி மாணவர் அடையாள அட்டைக்கும், பத்து, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் ஹால் டிக்கெட்டுக்கும் தள்ளுபடி தரும் பூங்காக்கள் உண்டு. அசல் அட்டையைக் கையில் வைத்திருங்கள். நாள் மாற்ற முடியுமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாகப் பள்ளியில் ஒரு வார்த்தை விசாரியுங்கள். நம் பக்கத்துப் பள்ளிகள் பல ஆண்டுக்கு ஒருமுறை பேருந்து வைத்து இதே பூங்காக்களுக்கு அழைத்துச் செல்கின்றன. குழுக் கட்டணம் தனிக் கட்டணத்தைவிடக் கணிசமாகக் குறைவு. 14 வயது மகனுக்கு வேண்டியது ரோலர் கோஸ்டரும் அருகில் அலறுவதற்கு நண்பர்களும்தான். தாய் தந்தையர் அன்று கூட இல்லாவிட்டால் அவனுக்கு மகிழ்ச்சியே. அவனை அப்படி அனுப்பிவிட்டால், மேலே போட்ட 15,700 ரூபாய்க் கணக்கில் மீதி இருப்பவர்களுள் பெரிய சவாரிகளில் ஏறக்கூடியவர்கள் யார் என்று பாருங்கள். கணவனும் மனைவியும் மட்டும் என்றால், மகளின் நிலைப்படிக் கோடு 140ஐத் தொடும் வரை பொறுத்துக்கொள்ளலாம்.