விறகு அறுக்கும் செயின்சா: செயினில் தொடங்குங்கள், சைலன்சரைக் கடைசியில் தொடுங்கள்

செயின்சா முன்போல அறுக்கவில்லை என்று யாராவது என்னிடம் கொண்டுவந்தால், நான் உடனே ஸ்டார்ட் செய்து பார்ப்பதில்லை. அறுத்த இடத்தில் கிடக்கும் தூளை ஒரு பிடி அள்ளி வரச் சொல்வேன். மாவு போல இருந்தால் செயின் மழுங்கிவிட்டது. சீவல் சீவலாக, விரலில் எடுத்தால் தகடு போல நின்றால் செயினில் குறையில்லை, கோளாறை வேறு இடத்தில் தேட வேண்டும். பெரும்பாலும் மாவுதான் வரும்.

மெஷினை வேகப்படுத்த வேண்டும் என்றாலே பலருக்கும் சைலன்சரைத் துளைப்பதுதான் முதலில் தோன்றுகிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அதில் ஒரு பிஸ்டனை இழந்தேன். அதை அப்புறம் சொல்கிறேன். எஞ்சின் எவ்வளவு பலம் கொடுத்தாலும் அதை மரத்தில் இறக்குவது பல்தான். பல் கடிக்காவிட்டால் அந்தப் பலம் முழுவதும் செயின் ஓடும் நீண்ட தகடான பாரிலும் கிளட்சிலும் சூடாகப் போய்ச் சேரும். அதனால் வரிசை இதுதான்: செயின், பார், செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட், காற்று ஃபில்டர், அதற்கப்புறம்தான் சைலன்சர், கடைசியாகக் கார்புரேட்டர்.

தொடங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரே தடிமனுள்ள காய்ந்த கட்டை ஒன்றை எடுத்துவைத்து, மெஷினை அழுத்தாமல் அதன் எடையிலேயே இறங்கவிட்டு மூன்று வெட்டு போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை விநாடி என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே கட்டையில் அதே மாதிரி அறுத்துப் பாருங்கள். சத்தம் கூடினால் வேகமும் கூடியது போலக் காது நம்பிவிடும். கடிகாரம் அப்படி ஏமாறாது. என் மெஷினில், எஞ்சினைத் தொடாமல் செயினை மட்டும் ஒழுங்காக அரம் போட்டதில் 21 விநாடி வெட்டு 12 விநாடிக்கு வந்தது.

என்னுடையது 50 சிசி வகை, 0.325 அங்குல பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு) செயின். இதற்கு 4.8 மி.மீ. உருண்டை அரம். 3/8 அங்குலச் செயினுக்கு 5.2 அல்லது 5.5 மி.மீ. வரும். சின்ன மெஷின்களில் வரும் லோ புரொஃபைல் 3/8 என்றால் 4 மி.மீ. தவறான அளவு அரத்தைப் போட்டால் எத்தனை இழுப்பு இழுத்தாலும் பல்லின் வளைவு சரியாக அமையாது. செயின் பெட்டியில் எண் போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள்.

பாரை வைஸில் பிடித்து, செயினைச் சற்று இறுக்கி, பிரேக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் இருப்பதிலேயே குட்டையான பல்லைக் கண்டுபிடியுங்கள். அதுதான் அளவு. மற்ற எல்லாப் பல்லும் அந்த நீளத்துக்கு வர வேண்டும். அரத்தைப் பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். திரும்பி வரும்போது பல்லில் படாமல் தூக்கிக்கொண்டு வர வேண்டும். பல்லின் மேல்தகட்டில் பொறித்திருக்கும் சாய்கோட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், வழக்கமாக 30 டிகிரி இருக்கும். அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். அதைவிடக் கீழே இறங்கினால் முனை கொக்கி போலாகி, மெஷின் பிடுங்கிப் பிடுங்கி அறுக்கும். மேலே ஏறினால் முனை மொண்ணையாகி மரத்தின் மேல் வழுக்கும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த அண்ணன், நான் அரம் போடும்போது கையைப் பார்க்க மாட்டார். முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, "சத்தத்தைக் கேள் தம்பி. கரகரன்னு வந்தா வெட்டுது. வழவழன்னு வந்தா அரம் செத்துப்போச்சு, தூக்கிப் போடு" என்பார். இன்றுவரை அதுதான் எனக்கு அளவு.

பல் கூராகிவிட்டதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டியதில்லை. வெளிச்சத்தில் பல்லின் மேல்விளிம்பைப் பாருங்கள். மழுங்கிய விளிம்பில் மயிரிழை போல ஒரு வெள்ளைக்கோடு மின்னும். அது வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் மொண்ணை முகம். அரம் போடப் போட அந்தக் கோடு ஒரு பக்கத்திலிருந்து தேய்ந்துகொண்டே வந்து, கடைசியில் மேல்தகடும் பக்கத்தகடும் சேரும் மூலையில் ஒரு புள்ளியாக நிற்கும். பலரும் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். மரத்தில் முதலில் இறங்குவது அந்த மூலைதான். புள்ளியும் மறையும்வரை இன்னும் இரண்டு இழுப்பு போடுங்கள். இடப்பக்கப் பற்களும் வலப்பக்கப் பற்களும் ஒரே நீளத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் நீளமும் கூரும் உள்ள பக்கம் இழுத்து, வெட்டு வளைந்து போகும்.

அடுத்தது டெப்த் கேஜ். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சுறாத் துடுப்பு போல நிற்கும் மேடு. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. இன்று நாம் ஓட்டும் செயினின் கதை ஒரு புழுவில் தொடங்குகிறது. 1946இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, வண்டுப்புழு ஒன்று மரத்தை இடமும் வலமுமாகக் கடித்துக்கொண்டே போவதைப் பார்த்தார். அதன் தாடையைப் போலவே வளைந்த பல்லை எஃகில் செய்தார். மரத்தைச் சுரண்டாமல் சீவி எடுக்கும் பல் அப்படி வந்தது. பல்லை மட்டும் தேய்த்துக்கொண்டே போய் இந்த மேட்டை விட்டுவிட்டால், சீவும் ஆழம் குறைந்து செயின் மறுபடியும் சுரண்டத் தொடங்கிவிடும். கூர்ப் பல்லாக இருந்தும் தூள் மாவாக வந்தால் காரணம் இதுதான்.

மூன்று நான்கு முறை அரம் போட்டதும் மேட்டின் உயரத்தை அளக்கும் கேஜ் தகட்டைப் பல்லின் மேல் வைத்துப் பாருங்கள். பல்லின் உயரத்தைவிட மேடு 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். தகட்டுக்கு மேலே துருத்துவதைத் தட்டை அரத்தால் தேய்த்து, முன்பக்க மூலையைச் சற்று உருட்டிவிடுங்கள். இன்னும் ஆழமாகத் தேய்த்தால் இன்னும் வேகமாக அறுக்குமே என்று தோன்றும். மென்மரத்தில் ஓரளவு உண்மை. கடினமான காய்ந்த விறகில் மெஷின் உலுக்கும், செயின் மாட்டும், பாரின் நுனி எகிறி முகத்தை நோக்கி வரும் ஆபத்தும் கூடும். 0.65ஐத் தாண்டி நான் போவதில்லை.

செயின் வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஃபுல் சிசல் பல்லுக்கு மூலை சதுரமாக இருக்கும், சுத்தமான மரத்தில் பாய்ந்து அறுக்கும். ஆனால் விறகுக்கு வரும் கட்டை தரையில் இழுபட்டு, பட்டையிடுக்கில் மண்ணோடுதான் வரும். மூலை சற்று உருண்டையான செமி சிசல் பல் கொஞ்சம் மெதுவாக அறுத்தாலும் மண்ணைத் தாங்கி நெடுநேரம் கூரோடு நிற்கும். ஒருநாள் வேலைக்குக் கணக்குப் பார்த்தால் அதுதான் அதிகக் கட்டை அறுக்கும். நான் பல வருடமாக செமி சிசல்தான் போடுகிறேன்.

பாரின் நீளத்தைக் குறைப்பதும் ஒரு மேம்பாடுதான். 16 அங்குலத்திலிருந்து 13 அங்குலத்துக்கு இறங்கியபோது உராய்வு குறைந்தது, அரம் போட வேண்டிய பற்களும் குறைந்தன. செயின் ஆயிலும் நுனிவரை தாராளமாகப் போனது. விறகுக்கட்டைகளுக்கு இந்த நீளம் போதும், பெரிதாக வந்தால் இரண்டு பக்கமிருந்து அறுத்துக்கொள்ளலாம். பாரின் ஓரங்களில் பிதுங்கியிருக்கும் பிசிறைத் தட்டை அரத்தால் எடுத்துவிட்டு, நடுப்பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஆயில் துளையில் கம்பி விட்டு அடைப்பை நீக்குங்கள். செயின் மாற்றும்போதெல்லாம் பாரை மேல்கீழாகத் திருப்பிப் போடுங்கள்.

ஸ்ப்ராக்கெட்டில் 7 பல்லுக்குப் பதில் 8 பல் போட்டால் செயின் வேகம் சுமார் 14 சதவீதம் கூடும், இழுவை அதற்கேற்பக் குறையும். குட்டைப் பாரில் சின்னக் கட்டை அறுப்பவருக்குப் பரவாயில்லை. தடித்த கடின மரத்தில் எஞ்சின் திணறும்.

சரி, சைலன்சருக்கு வருவோம். அதைக் கழற்றினால் உள்ளே தீப்பொறியைத் தடுக்கும் சின்ன வலை ஒன்று இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். கரி அடைத்திருந்தால் மெஷின் மூச்சுவிட முடியாமல் தவிக்கும். கம்பி பிரஷால் தேய்த்துத் திரும்பப் போட்டாலே போன பலம் வந்துவிடுவது உண்டு, துளைபோட வேண்டிய தேவையே இருக்காது. அந்த வலையை எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள். காய்ந்த சருகின் மேல் நின்று வேலை செய்கிறோம்.

அப்படியும் துளையைப் பெரிதாக்கத்தான் வேண்டும் என்றால், சைலன்சரைக் கழற்றி வைத்துத்தான் துளையிட வேண்டும். எஞ்சினில் திறந்திருக்கும் எக்ஸாஸ்ட் வாயைப் பிஸ்டனால் மூடி, துணியால் அடைத்துவிடுங்கள். வெளியேறும் துளையின் மொத்தப் பரப்பு, எக்ஸாஸ்ட் வாயின் பரப்பில் முக்கால் பங்கைத் தாண்ட வேண்டாம். புதிய துளை பிளாஸ்டிக் பாகங்களையோ உங்கள் கையையோ நோக்கி இருக்கக் கூடாது. உள்ளே ஒட்டியிருக்கும் இரும்புப் பிசிறை முழுவதும் தட்டி, ஊதி எடுங்கள். ஒரு துணுக்கு சிலிண்டருக்குள் போனாலும் பிஸ்டன் கீறிவிடும். காதுக்கவசம் இல்லாமல் இனி ஓட்டவே கூடாது. புதிய மெஷினாக இருந்தால் வாரண்டி போய்விடும். புகை விதிகள் சில நாடுகளில் இதை அனுமதிப்பதில்லை, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நான் பிஸ்டனை இழந்தது இங்கேதான். துளையைப் பெரிதாக்கினேன், கார்புரேட்டரைத் தொடவில்லை. மெஷின் முன்னெப்போதும் இல்லாத கூர்மையான சத்தத்தோடு பறந்தது. இரண்டாவது டேங்கில் சத்தம் திடீரென்று இறங்கி நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் எக்ஸாஸ்ட் பக்கம் முழுக்கக் கீறல், ரிங் ஒட்டிக்கிடந்தது. புகை சுலபமாக வெளியேறினால் காற்றும் அதிகமாக உள்ளே வரும். அதற்கேற்ப பெட்ரோலைக் கூட்டாவிட்டால் கலவை வறண்டுவிடும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது, சூடும் ஏறுகிறது. அந்தக் கூர்மையான சத்தம் மெஷின் கேட்ட உதவி. எனக்கு அப்போது அது புரியவில்லை.

ஆகவே கார்புரேட்டர். ஹஸ்க்வர்னாவின் ஆட்டோட்யூன், ஸ்டில்லின் எம்-ட்ரானிக் வகைகளில் திருப்ப ஸ்க்ரூ கிடையாது, மெஷினே பார்த்துக்கொள்ளும். மற்றவற்றில் மூன்று ஸ்க்ரூ: குறைந்த வேகத்துக்கு எல், முழு வேகத்துக்கு எச், சும்மா ஓடும் வேகத்துக்கு ஐடிலிங். எல்லும் எச்சும் உள்ளே திருப்பினால் பெட்ரோல் குறையும், வெளியே திருப்பினால் கூடும். ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து, புதுப் பெட்ரோலில் லிட்டருக்கு 20 மி.லி. ஆயில் கலந்து, ஓரிரு கட்டை அறுத்து மெஷினைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் எல். மெதுவாகத் திருப்பி ஐடிலிங் மிக வேகமாக ஓடும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கால் சுற்று வெளியே எடுங்கள். ஆக்சிலேட்டரைச் சட்டென்று பிடித்தால் தயங்காமல் எழ வேண்டும். திணறினால் இன்னும் கொஞ்சம் வெளியே. பிறகு ஐடிலிங் ஸ்க்ரூ: எஞ்சின் அணையக் கூடாது, செயினும் நகரக் கூடாது. மெஷினை நுனி மேலாகவும் கீழாகவும் சாய்த்துப் பாருங்கள். சாய்க்கும்போது ஐடிலிங் ஏறி இறங்கினால் எங்கோ காற்றுக் கசிவு இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் எச்சைத் தொடாதீர்கள்.

எச்சுக்குக் காதுதான் கருவி. கட்டையில் வைக்காமல் முழு ஆக்சிலேட்டர், மூன்று நான்கு விநாடி, அதற்கு மேல் வேண்டாம். எச்சை வெளியே திருப்பிக்கொண்டே வந்தால் சீரான இரைச்சல் உடைந்து "பர்ர்ர்" என்று தடதடக்கும். பெட்ரோல் அதிகமாகி ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று பற்றும் சத்தம் அது. இப்போது சிறிது சிறிதாக உள்ளே திருப்பி, தடதடப்பு லேசாக மிஞ்சும் இடத்தில் நிறுத்துங்கள். கட்டையில் இறக்கினால் தடதடப்பு மறைந்து சத்தம் சுத்தமாக வேண்டும், லேசாகத் தூக்கினால் திரும்ப வர வேண்டும். வெட்டுக்குள்ளும் தடதடத்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே. தூக்கியும் வராவிட்டால் கலவை வறண்டிருக்கிறது, உடனே வெளியே திருப்புங்கள். சில மெஷின்களில் வேகத்தை மட்டுப்படுத்தும் இக்னிஷன் காயில் (coil) இருக்கும். அதுவும் உச்சத்தில் இதே மாதிரி தடதடக்கும், ஏமாந்துவிடக் கூடாது. அந்த வகைக்கு எஞ்சின் சுற்று வேகத்தை அளக்கும் டேக்கோமீட்டர் வைத்து, கையேட்டில் உள்ள உச்ச வேகத்துக்குக் கீழே நிறுத்துவதுதான் பாதுகாப்பு.

மூன்று டேங்க் ஓடியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர்பழுப்பு நிறம் என்றால் நல்லது, வெளுத்திருந்தால் எச்சை எட்டில் ஒரு சுற்று வெளியே எடுங்கள். சைலன்சர் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிவிடுங்கள், கழற்றி மாட்டியவை சூட்டில் தளரும். குளிர்காலம் வந்ததும் எச்சைத் திரும்பவும் காதால் சரிபாருங்கள். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, கோடையில் வைத்த அளவு அப்போது வறண்டிருக்கும்.